சென்னையின் வயதைக் கோட்டைச் சுவரிலிருந்து எண்ணாதீர்கள்

ஆகஸ்ட் 22 வந்துவிட்டால் மேடைதோறும் ஒரே பேச்சு: "மீனவக் குப்பமாய்க் கிடந்த மணல்வெளியை 1639இல் ஆங்கிலேயர் நகரமாக்கினார்கள்." பத்திரிகைகளின் சிறப்புப் பக்கங்களும் அதையே அச்சடிக்கின்றன. வடசென்னைச் சாத்தாங்காட்டில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் இதைக் கேட்டுப் பொறுத்தது போதும்.

முதல் வாதம், 1639க்கு முன் இங்கே ஒன்றுமில்லை என்பது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி குறித்த துறைமுகம் மயிலாப்பூர் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இலேயே கோட்டை கட்டிவிட்டார்கள். இதற்குமேல் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகுதான் ஊர்கள் உருவாயின என்பது. கம்பெனியின் ஏடுகளே இதை மறுக்கின்றன. 1708இல் நவாப் தாவூத் கான் அதற்குக் கொடுத்தவை ஐந்து ஊர்கள்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு. கம்பெனி இவற்றை நாடியது வருவாய்க்காக. வருவாய் வந்தது என்றால் வயல் இருந்தது, உழுதவர் இருந்தார், கணக்கு எழுதியவரும் இருந்தார். வெறும் மணலுக்கு எவரும் வரி கட்டியதில்லை.

மூன்றாவது, ஊர்கள் இருந்தாலும் நகர வாழ்வு இல்லை என்பது. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் பல்லவர் காலம் முதலே கல்வெட்டுகள் இருக்கின்றன. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டபோது, உடனிருந்து சாக முடியாத துயரில் துறவு பூண்ட அவனுடைய கேரள நண்பர் சதுரானன பண்டிதர் இங்கேதான் மடத்தின் தலைவரானார். முதலாம் இராசேந்திரன் காலத்தில் இரவி என்னும் வீரசோழத் தச்சன் விமானத்தைக் கருங்கல்லில் எழுப்பினான். இலக்கணம் கற்பிக்கத் தனி மண்டபமே இருந்தது. மடமும் கல்விக்கூடமும் தச்சரும் இருந்த ஊரைக் குப்பம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

நான்காவது கேள்விதான் என்னை அதிகம் கொதிக்க வைப்பது: "மண்ணுக்கடியில் சான்று எங்கே?" தோண்டாத இடத்தில் சான்று இல்லை என்பது என்ன நியாயம்? கி.பி. 43இல் ரோமானியர் படையெடுத்து மாகாணமாக்கிய பிரிட்டனைப் பாருங்கள். நெடுங்காலம் அங்கும் நகரச் சுவர்களையும் செல்வர்களின் பண்ணை மாளிகைகளையுமே பெரிதும் தோண்டினார்கள். 1990இல் திட்ட அனுமதி நெறி மாறியது. கட்டடம் எழுப்புபவரே தொல்லியல் ஆய்வுக்கும் செலவழிக்க வேண்டும் என்றானது. அதன்பின் சாலைக்கும் வீட்டுமனைக்கும் மண் வெட்டிய இடங்களில் உழவர் குடியிருப்புகள் வரிசையாக வெளிவந்தன. அந்த அறிக்கைகளை ரீடிங் பல்கலைக்கழகத்தார் திரட்டியபோது, நாட்டுப்புறத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணப் பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் என்பது உறுதியானது.

நம்மிடம் உள்ள விதி என்ன? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாடு. அதற்கப்பால் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையம், சாத்தாங்காட்டு இரும்புச் சந்தை என எத்தனை அடித்தளங்கள்! வெட்டிய மண்ணில் பானை ஓடு வந்ததா என்று பார்க்கச் சொல்ல ஒரு விதியும் இல்லை. கீழடி தென்னந்தோப்பாய் இருந்ததால் குழி போட முடிந்தது. இங்கே குழி போட வேண்டிய இடத்தில் புகைபோக்கி நிற்கிறது.

எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்றுப் படுகையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள். திருவள்ளூர் அருகே பட்டரைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் உறைகிணறும் வெளிப்பட்டன. மேற்கே இத்தனை குடிகள் வாழ்ந்திருக்க, கழிமுகத்தில் மட்டும் ஆளே இல்லாமல் போயிற்றா?

1639 ஆங்கிலேயரின் கோட்டைக்கு நிலம் கிடைத்த ஆண்டு. கோட்டைக்காக அதைக் கொண்டாடுங்கள், தடையில்லை. சாத்தாங்காட்டிலிருந்து எண்ணூர் வரை இனி எந்த அடித்தளத்துக்கும் முன்னால் தொல்லியல் துறையின் சோதனைக் குழி கட்டாயம் என்று அரசு ஆணையிடட்டும். சென்னைக்கு என்ன வயது என்பதை அந்தக் குழிகள் சொல்லட்டும்.