தேயிலைத் தோட்டம் வேடிக்கைக் காட்சியா?

உல்லாசப் பிரயாணக் கம்பெனிகளின் விளம்பரங்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பளபளக்கும் தாளில் நீலக் கடல், சாய்ந்த தென்னை, மஞ்சு மூடிய மலை. அந்த மலைச்சரிவில் முதுகில் கூடையோடு ஒரு பெண் சிரித்தபடி கொழுந்து பறிக்கிறாள். இலங்கைத் தீவில் கண்டு களிக்க வேண்டியவை என்று கீழே ஒரு ஜாபிதா. கண்டியிலிருந்து பதுளைப் பாதையில் மலை ரயில் பிரயாணம். தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம். ஹப்புத்தளையில் லிப்டன் ஆசனம். பழைய துரை பங்களாவில் ஓர் இரவு. தேயிலை ஆலையில் ஒரு கோப்பைத் தேநீர். கடைசியாக, கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளின் நடுவே நின்று ஒரு படம்.

2024-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 20 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். போகட்டும். உழைத்துக் களைத்தவன் நாலு நாள் குளிர்ந்த காற்று வாங்குவதை நாம் குறை சொல்லவில்லை. ஓய்வு என்பது உழைப்பாளி போராடிப் பெற்ற உரிமை. மலையழகை ரசிப்பது பணக்காரனின் ஏகபோகம் என்று நாம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

நாம் கேட்பது வேறு. அந்த ஜாபிதாவில் உள்ள காட்சிகளை உண்டாக்கியவர்கள் யார்? அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று எங்கே குடியிருக்கிறார்கள்? படத்தில் சிரிக்கும் அந்தப் பெண்ணுக்கு, அவள் நிற்கும் மலையில் ஒரு சாண் நிலமாவது சொந்தமா?

இந்தக் கேள்விக்கு விளம்பரத்தில் விடை இல்லை. ஆகவே அந்த ஜாபிதாவையே கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரயில் எதற்காக வந்தது?

முதலில் ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து படம் பிடிக்க ஆசைப்படாத பிரயாணி கிடையாது. வெள்ளைக்காரன் என்ன, இயற்கைக் காட்சி பார்ப்பதற்காகவா மலையைக் குடைந்தான்? காப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக 1867-ல் கண்டிக்கு ரயிலைக் கொண்டுவந்தான். அதே வருஷம் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலை பயிரிட்டார். 1869-ல் தோன்றிய இலைநோய் காப்பியைப் படிப்படியாகத் தின்று தீர்த்தது. காப்பி போயிற்று, தேயிலை வந்தது. லாபம் மலை ஏற ஏற, ரயிலும் பின்னாலேயே ஏறிற்று. 1885-ல் நானுஓயா, 1924-ல் பதுளை. ஒன்பது வளைவுப் பாலம் 1921-ல் எழுந்தது.

காடு வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டவர்கள் யார்? திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போனவர்கள். பஞ்சமும், கடனும், ஜமீன் கொடுமையும், சாதிக் கொடுமையும் துரத்தின. கங்காணி முன்பணம் கொடுத்து இழுத்தான். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, அடர்ந்த காட்டின் வழியே மாத்தளைவரை கால்நடையாக நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். மற்றவர்கள் மலை ஏறினார்கள்.

இன்று உல்லாசப் பிரயாணிகளின் வண்டி மாத்தளையில் நிற்கிறது. முத்துமாரியம்மன் கோயிலின் வண்ணக் கோபுரத்தைக் காட்டி அதன் உயரத்தைச் சொல்கிறார்கள். அந்த நடைப்பயணத்தில் உயிரோடு மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்த ஊர் இது என்பதைச் சொல்பவர் எத்தனை பேர்?

ஆசனத்துக்குப் பெயர் உண்டு

அடுத்தது லிப்டன் ஆசனம். தாமஸ் லிப்டன் என்ற மளிகைக் கடை முதலாளி 1890-ல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தோட்டத்து உச்சியில் உட்கார்ந்து தமது ராஜ்யத்தைப் பார்த்து ரசிப்பார் என்பது வழங்கிவரும் கதை. அவர் உட்கார்ந்த இடம் இன்று க்ஷேத்திரமாகிவிட்டது. லூல்கந்துரையிலும் டெய்லர் உட்கார்ந்த கல்லைக் காட்டுகிறார்கள்.

உட்கார்ந்தவனுக்கு ஞாபகச் சின்னம் இருக்கிறது. நின்று வேலை செய்தவனுக்கு எங்கே?

லூல்கந்துரை இருக்கும் அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் அங்கே தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்து விழுந்தார். டெய்லரின் கல்லுக்கு வழி காட்டும் கைகாட்டிகள் கோவிந்தனின் பெயரைச் சொல்லுமா? அவர் சிந்திய ரத்தமும் அந்தத் தேயிலைச் சரித்திரத்தைச் சேர்ந்ததுதான்.

ஒரு கோப்பைக் கணக்கு

இனி அந்த ஒரு கோப்பைத் தேநீருக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு என்றால் முதலாளிகளுக்குக் கசக்கும், நமக்குக் கசக்காது.

பல தோட்டங்களில் ஒரு நாள் பேர் விழ வேண்டுமென்றால் சுமார் 18 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். ஆக, 18 கிலோ கொழுந்து நாலு கிலோ தூள். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூள் போதும். நாலு கிலோவில் எத்தனை கோப்பை? 2,000 கோப்பை!

மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, செங்குத்தான சரிவில் ஏறி இறங்கி அந்தப் பெண் ஒரே நாளில் 2,000 பேருக்குத் தேநீர் கொடுக்கிறாள். அவளுக்குக் கிடைப்பது என்ன? ஆயிரம் ரூபாய் நாட்கூலி வேண்டும் என்ற கோரிக்கை 2015-லிருந்து எழுந்தது. 2018 டிசம்பரில் அதற்காகத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. 2021 மார்ச்சில்தான் அது கெஜட்டில் ஏறியது. அதற்குள் அரிசி, பருப்பு, மாவு விலை எங்கோ போய்விட்டது. 2022-ல் நாடே திவாலாகி ரூபாய் மதிப்பு விழுந்தபோது, அந்த ஆயிரம் பேருக்குத்தான் ஆயிரமாக இருந்தது. 2024-ல் முதலில் 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள். தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. முடிவில் அந்த வருஷம் செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள்.

1,350 ரூபாயை 2,000 கோப்பைகளால் வகுத்துப் பாருங்கள். கோப்பைக்கு இலங்கைக் காசில் ஒரு ரூபாய்கூட வரவில்லை! கூலியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாலும் இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடாது. இப்படிப்பட்ட கூலியைக் கொடுத்துவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் ஒப்பாரி வைக்கின்றன. பறிப்பவளுக்கு ஒரு ரூபாயும் கட்டுப்படியாகாத தேநீர், ஹோட்டல் மேஜையில் என்ன விலைக்கு வருகிறது என்பதைக் குடிக்கிறவர்களே பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பங்களாவும் லயமும்

துரை பங்களாக்கள் பல இன்று உல்லாச விடுதிகள். ஆலைகூட விடுதியாகிவிட்டது, கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலை ஆலை 1990-களில் ஹோட்டலாக மாறிற்று. கணப்பு அடுப்பு, ரோஜாத் தோட்டம், வெள்ளைச் சீருடைப் பரிசாரகன் எல்லாம் அப்படியே. துரை போனபிறகும் துரைத்தனத்தை இரவுக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். சில பங்களாக்களில் ஓர் இரவு வாடகை ஒரு தொழிலாளியின் ஒரு மாதக் கூலியை விழுங்கிவிடும்.

பங்களா வராந்தாவிலிருந்து கீழே பார்த்தால் நீளமான தகரக் கூரைகள் தெரியும். அவைதான் லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்பது வெள்ளைக்காரன் வகுத்த அளவு. அதிலே சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். மகன் கலியாணம் கட்டினால் குறுக்கே ஒரு சேலையைத் தொங்கவிட்டு இரண்டு குடும்பமாக்கிக்கொள்வார்கள். லயத்து அறைக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் பல. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். வேலைக்கு ஆள் அனுப்பாவிட்டால் தலைக்கு மேல் கூரை போய்விடுமோ என்ற பயம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்தன. 1992-ல் நிர்வாகத்தைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். கை மாறிக் கை மாறிப் போன அந்த நிலத்தில், உழைத்தவன் கைக்கு மட்டும் ஒரு துண்டும் வந்து சேரவில்லை.

நீர்வீழ்ச்சியும் மண்சரிவும்

கொஸ்லந்தைக்கு அருகே தியலும நீர்வீழ்ச்சி. 220 மீட்டர் உயரம். உச்சியில் உள்ள சுனைகளில் பிரயாணிகள் நீந்தி மகிழ்கிறார்கள். அதே கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டம் இருக்கிறது. 2014 அக்டோபர் 29-ந் தேதி காலை, மலை சரிந்து அங்கே லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தபோது பெற்றோர் மண்ணுக்குள் போய்விட்ட வீடுகள் உண்டு.

இது வெறும் இயற்கையின் கோபமா? அது அபாயமான இடம் என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆனால் கையில் நிலம் இல்லாதவன் எங்கே போவான்? 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் தீவைச் சின்னாபின்னமாக்கியது. 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மலைநாட்டு மாவட்டங்களில் மறுபடியும் மண்சரிவு. படங்களில் பார்த்துப் பார்த்து மயங்கிய அந்த மலை ரயில் பாதையே பல இடங்களில் அறுந்து தொங்கியது. பாதையைச் செப்பனிடுவார்கள், சந்தேகமில்லை. லயங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதே அவசரம் காட்டுவார்களா?

பங்கு போடப்பட்ட ஜனங்கள்

இந்த ஜனங்கள் ஏன் இவ்வளவு காலம் குரலற்றுப் போனார்கள்? குரலைப் பறித்தார்கள், அதனால்தான்! 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஸ்தானங்களைப் பிடித்தது. தோட்டத் தொழிலாளி ஓட்டுப் போடக் கற்றுக்கொண்டான் என்றதும் ஆளும் வர்க்கத்துக்கு நடுக்கம் கண்டது. 1948-ல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது, லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று.

1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, பாக்கி 1,50,000 பேர் பிறகு. 1974-ல் அந்தப் பாக்கியையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு போடுவதுபோல மனிதர்களைப் பங்கு போட்டார்கள். எந்தப் பக்கம் என்று அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. அண்ணன் கப்பலில் ஏறினான். தம்பி லயத்தில் நின்றான். எஞ்சியவர்களுக்கும் நாடற்ற நிலை தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. கப்பலில் வந்தவர்களில் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள்.

ஆகவே, தமிழ்நாட்டுப் பிரயாணி தன் கைப்படக்கருவியில் பிடிப்பது வேறு யாரையோ அல்ல. தன் பாட்டனின் ஊரிலிருந்து போனவனின் பேத்தியைத்தான்!

சமாதானம் சொல்வோருக்கு

உல்லாசப் பிரயாணம் வளர்ந்தால் தொழிலாளிக்கும் நாலு காசு கிடைக்குமே என்று சில மேதாவிகள் சொல்வார்கள். எப்படி? படத்துக்கு நின்றதற்காகக் கையில் திணிக்கும் தாளைச் சொல்கிறார்களா? விடுதியில் படுக்கை விரிக்கும் வேலையைச் சொல்கிறார்களா? காட்சி அவள், டிக்கெட்டுப் பணம் வேறொருவனுக்கு. நிலத்தில் உரிமை இருந்தால் அவளும் ஒரு அறையை வாடகைக்கு விட்டிருப்பாள், ஒரு கடை போட்டிருப்பாள். நிலம் இல்லாதவளுக்கு இந்த வியாபாரத்தில் கிடைக்கும் ஒரே உத்தியோகம், படத்துக்கு நிற்பதுதான்.

தனி வீடுகள் கட்டித் தருகிறார்களே என்பார்கள். வாஸ்தவம்தான். இந்திய உதவியோடும் வீடுகள் எழும்பியிருக்கின்றன. அதை வரவேற்கிறோம். ஆனால் வீடு என்பது தர்மம் அல்ல, உரிமை. பத்திரமும் கையில் இருந்தால்தான் அது வீடு. இல்லாவிட்டால் அது புதுச் சுண்ணாம்பு அடித்த லயம்.

உல்லாசமாக வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒருவனுக்கு ஆசனமும் ஒருத்திக்குக் கூடையும் என்று வகுத்துவைத்திருக்கிறார்களே, அது அரசியல் இல்லையா?

போங்கள், ஆனால் பாருங்கள்!

ஆகவே வாசகர்களே, இலங்கைக்குப் போகிறவர்கள் போங்கள். மலையைப் பாருங்கள், மஞ்சைப் பாருங்கள். கூடவே நம் ஜாபிதாவையும் வைத்துக்கொள்ளுங்கள். பங்களா வராந்தாவிலிருந்து இறங்கி லயத்து வாசல்வரை நடந்து பாருங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின் முன்னே நில்லுங்கள். படம் எடுப்பதற்கு முன் அந்தப் பெண்ணிடம் அனுமதி கேளுங்கள்; பெயரைக் கேளுங்கள்; இன்று எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்று விசாரியுங்கள். ஊருக்குத் திரும்பி மற்றவர்களிடம் சொல்லுங்கள். ஊட்டிக்குப் போனாலும் இதே கேள்விகளை மறக்காதீர்கள். அங்கேயும் தேயிலை தானாகப் பறிந்து விழவில்லை.

தோட்டத் தொழிலாளி கேட்பது யாருடைய இரக்கத்தையும் அல்ல. வாழ்வதற்கு ஏற்ற கூலி, குடியிருக்கும் நிலத்துக்குப் பத்திரம், சரியாத மண்ணில் ஒரு வீடு. இவ்வளவுதான் கேட்கிறான். இருநூறு ஆண்டுகளாக ஒரு தீவையே பச்சைப் பசேலென்று ஆக்கிக் காட்டியவன் கேட்பதற்கு இது அதிகமா?

அந்தக் கோரிக்கை வெல்லும்வரை, விளம்பரத்தில் தெரியும் அந்தச் சிரிப்பு பொய்ச் சிரிப்பு. மலையை உண்டாக்கியவர்களுக்கு மலையில் நிலம் வேண்டும்!