மலைக்காடும் வாழணும், வெள்ளாமைக் காடும் வாழணும்!

உழைக்கும் விவசாயப் பெருமக்களே!

நம்ம பக்கம் தோட்டத்துக்குப் போவதையும் "காட்டுக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறோம். உழுது விதைக்கிற காடு ஒன்று. ஆனைமலையில் யானையும் புலியும் வாழ்கிற காடு இன்னொன்று. "புலி வேணுமா, விவசாயி வேணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே தப்புங்க!

1976-ல் வனவிலங்கு சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான மலை அது. டாப்சிலிப் கரியன் சோலையில் இருவாச்சிப் பறவை பழத்தைத் தின்று விதையைப் பரப்புகிறது; அதில் மரம் முளைக்கிறது. வரையாடு மேய்கிற புல்மலையும் சோலையும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, மெல்லக் கசிய விடுகின்றன. அந்தத் தண்ணீர்தான் பி.ஏ.பி. அணைகளில் சேர்ந்து, சுமார் 3.77 லட்சம் ஏக்கர் பாசனத்துக்கு வாய்க்காலில் வருகிறது. சோலை அழிந்தால் நம்ம தென்னையும் போச்சு! பன்றியை அடித்துத் தின்னும் புலியும் செந்நாயும் நமக்குப் பகையா?

ஆனால், ராத்திரி முழுக்க டார்ச் லைட்டும் தகர டப்பாவுமாகக் காவல் கிடப்பது யார்? நாம்தான். கண் அசந்தால் பன்றிக் கூட்டம் நிலக்கடலையைக் கிளறிப் போடுகிறது. பிள்ளை போல வளர்த்த தென்னையை யானை சாய்க்கிறது. நஷ்டஈட்டு மனுவோடு நடையாய் நடந்து செருப்புத்தான் தேய்கிறது. காப்பகம் நாட்டுக்கே சொத்து என்றால், நஷ்டம் மட்டும் நம்ம தலையிலா?

2019-ல் சின்னத்தம்பி யானையைப் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அது சில நாளிலேயே உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டில் வந்து நின்றது. இடம் மாற்றினால் மட்டும் தீராது என்பதற்கு வேறு சாட்சி வேணுமா?

நாம் கேட்பது:

1. பயிர்ச்சேதத்தை உடனே பார்வையிட்டு, சந்தை விலைக்கு ஈடாக, தவணை சொல்லாமல் பணம் கொடு!

2. மலையடிவாரத்தில் அகழியும் சூரிய மின்வேலியும் அமைத்து, வருஷா வருஷம் பராமரி!

3. காட்டுக்குள் புல்லை அமுக்கும் உண்ணிச்செடியை அகற்று! உள்ளே தீனி இருந்தால் யானை ஏன் கீழே வருது?

4. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025-ல் அரசு அறிவித்ததை ஏட்டோடு நிறுத்தாமல் செயல்படுத்து!

நமக்கும் ஒரு வார்த்தை. வேலியில் நேரடி கரண்ட் கொடுக்காதீங்க, அவுட்டுக்காய் வைக்காதீங்க. அதில் சாவது யானை மட்டுமல்ல. தண்ணி கட்டப் போகும் நம்ம வீட்டு ஆளும்தான்.

மலைக்காட்டை நாம் காப்போம். நம்ம காட்டை அரசு காக்கட்டும்!

ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!