28 வயதுக் கிழவர்கள்

முதல் சுற்று, உங்கள் முறை. கையில் பட்டியல், எதிரே கடிகாரம். 22 வயதில் மின்னலாய் ஓடும் பையன் ஒருவன்; போன சீசனில் புள்ளிகளை அள்ளிக் குவித்த 28 வயதுக்காரர் ஒருவர். யாரை எடுப்பீர்கள்? இந்த வருடக் கணக்கு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், 28தான். ஆனால் எடுத்தவரை அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் நீங்களே வைத்துக் கட்டி மேய்க்க வேண்டும் என்றால்?

அமெரிக்காவில் ஃபேன்டஸி ஃபுட்பால் பித்து முற்றியவர்கள் போய்ச் சேரும் இடம் 'டைனஸ்டி லீக்'. வம்ச ஆட்சி. நம் அரசியலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. (பெயர்தான் ஃபுட்பால். பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும்.) நிஜ என்.எஃப்.எல். வீரர் பந்தோடு பத்து கெஜம் ஓடினால் உங்களுக்கு ஒரு புள்ளி, டச் டவுன் என்றால் ஆறு. சாதாரண லீக்கில் ஆண்டுதோறும் அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தேர்வு செய்வார்கள். டைனஸ்டியில் முழுத் தேர்வு ஒரே ஒரு முறை. பெரும்பாலும் 12 பேர், 25 சுற்றுகள்கூடப் போகும். வரிசை பாம்பாக வளையும். முதலாவதாக எடுத்தவருக்கு அடுத்த வாய்ப்பு 24வதாகத்தான். அதன்பின் வருடத்துக்கு ஒரு முறை கல்லூரிகளிலிருந்து வரும் புதுமுகங்களை மட்டும் பங்கு போட்டுக்கொள்வார்கள். மற்றதெல்லாம் பண்டமாற்று.

நம் ஊர் ஃபேன்டஸி என்பது கிரிக்கெட்டில் பதினொரு பேரைப் பொறுக்கி, ராத்திரிக்குள் காசு வந்ததா போனதா என்று பார்க்கிற சமாச்சாரமாகவே வளர்ந்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது பலர் விடைகொடுத்தது அதற்குத்தான். மூலக்கதை வேறு. 1962ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக், நியூயார்க் ஓட்டல் ஒன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து விதிகளை வகுத்தார். அடுத்த ஆகஸ்டில் எட்டு அணிகள். முதல் தேர்வு ஜார்ஜ் பிளாண்டா. வயது 35! இன்றைய டைனஸ்டிக்காரர் கேட்டால் மயங்கி விழுவார். வேடிக்கை என்னவென்றால், பிளாண்டா 48 வயதுவரை ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அவர் குவார்ட்டர்பேக். பந்தை எறிகிறவர்களுக்கு ஆயுசு கெட்டி. பந்தைச் சுமந்துகொண்டு மனிதச் சுவரில் மோதும் ரன்னிங் பேக்குகளின் பிழைப்பு அப்படியல்ல. டாட் கர்லி 2017ல் என்.எஃப்.எல்.லின் ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். மறு வருடம் ஆறு கோடி டாலரை ஒட்டிய ஒப்பந்தம். முழங்கால் படுத்தியது. 2020 மார்ச்சில் ராம்ஸ் அணி அவரை விடுவித்தது. அந்த வருடம் அட்லான்டாவுக்கு ஆடியதோடு சரி. அப்போது வயது 26. பத்து வருடத்துக்கு ஆயிற்று என்று அவரை முதல் சுற்றில் எடுத்தவர்கள் மூன்றாம் வருடமே வெறுங்கையோடு நின்றார்கள்.

இதனால்தான் புது அணி அமைக்கிற எல்லோரும் இளமையைத் துரத்துகிறார்கள். இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு. பன்னிரண்டு பேரும் ஒரே கடையில் முண்டியடித்தால் விலை ஏறத்தானே செய்யும்? 28 வயது வைட் ரிசீவர்கள் சாயங்காலச் சந்தைக் காய்கறி மாதிரி. காலையில் கிடைத்த அதே சரக்கு, பாதி விலையில் கிடக்கும். இன்னும் இரண்டு மூன்று வருடம் தாராளமாக ஓடுவார்கள். புதுமுகம் என்பது வாக்குறுதி மட்டுமே. நிஜத் தேர்விலேயே கை தேர்ந்தவர்கள் 2000ல் டாம் பிரேடியை 199வது இடம்வரை விட்டுவைத்தார்கள். 2022ல் கடைசி ஆளாக, 262வதாகப் போன பிராக் பர்டி, 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் நின்றார். பட்டியல் தயாரிக்கும் நமக்கு மட்டும் என்ன தீர்க்கதரிசனம்?

இன்னொரு கோஷ்டி உண்டு: வேண்டுமென்றே தோற்பவர்கள். கடைசியில் வந்தால் அடுத்த வருடப் புதுமுகங்களில் முதல் உரிமை. எதிர்மாறாக, இந்த வருடமே ஜெயிக்க அடுத்த மூன்று வருட உரிமைகளை அடகு வைப்பவர்களும் உண்டு. ஜெயிக்கவில்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொள்வார்கள். அப்படி நிற்கும் அணிக்கு 'அநாதை' என்றே பெயர். யாரும் தொட மாட்டார்கள். இரண்டு அநாதை சேர்ந்தால் லீக்கே படுத்துவிடும். உஷாரான லீக்குகளில் அடுத்த வருட உரிமையை விற்கிறவர் அடுத்த வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். முதல் நாளே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சேராதீர்கள்.

எதற்கும் அடங்காதது உடம்பு. 2019 ஆகஸ்ட் 24 அன்று இண்டியானாபோலிஸ் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 29 வயதில் ஓய்வை அறிவித்தார். காயம், சிகிச்சை, மறுபடி காயம் என்று அலுத்துப் போய்விட்டார். செய்தி கசிந்ததும் சொந்த ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள். அந்த மாதம்தான் எத்தனையோ புது லீக்குகளில் அவரைப் பத்தாண்டு முதலீடாக எடுத்து முடித்திருந்தார்கள்.

2023 ஜனவரி 2, திங்கள் இரவு. பல ஃபேன்டஸி லீக்குகளுக்கு அதுதான் இறுதி வாரம். பஃபலோ - சின்சினாட்டி ஆட்டத்தில் 24 வயது டமார் ஹாம்லின் இதயம் நின்று களத்தில் சரிந்தார். அங்கேயே மார்பை அழுத்தி உயிர் கொடுத்தார்கள். ஆட்டம் ரத்து. ஜோஷ் ஆலனும் ஜோ பர்ரோவும் தரவேண்டிய புள்ளிகளுக்குக் காத்திருந்தவர்களின் கணக்கு அப்படியே நின்றது. சில லீக்குகளில் பரிசைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஹாம்லின் அந்த வருடமே மறுபடி களமிறங்கினார்.