தூங்குகிறதா, போய்விட்டதா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய தாயார் மார்கழி முழுவதும் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து திருப்பாவை 30 பாசுரங்களையும் பாடுவார். கையில் புத்தகம் இருக்காது. 86 வயதிலும் ஒரு சொல் பிசகாது. ஒரு வருஷம் நண்பர் அதை லேப்டாப்பில் பதிவு செய்து வைத்தார். அடுத்த மார்கழிக்கு அம்மா இல்லை.

அதன்பிறகு ஒருநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். திரை கறுப்பு. ஓரத்தில் சின்ன விளக்கு மட்டும் எரிகிறது. எந்த பட்டனைத் தட்டியும் பலனில்லை. ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். மாலையில் கூப்பிட்டு, "சரியாயிடுச்சு சார், பார்மட் பண்ணி புது விண்டோஸ் போட்டாச்சு, 1,200 ரூபாய்" என்றார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அம்மாவின் குரலும் இல்லை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "டேட்டா வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றாராம் கடைப் பையன். அவன் சொன்னதிலும் பொய்யில்லை.

இதை நண்பர் என்னிடம் சொன்ன இரண்டாம் மாதம் என் லேப்டாப்பும் அதே கோலத்தில் நின்றது. இரவு மூடி வைத்தேன், காலையில் எழவில்லை. அதே கறுப்புத் திரை, அதே சின்ன விளக்கு. ராஜபாளையத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பையன் மூடியைத் திறந்தான், பட்டனை இரண்டு தரம் அமுக்கினான், உதட்டைப் பிதுக்கினான். "மதர்போர்டு போயிடுச்சு சார். எட்டாயிரம் ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்." இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நண்பரின் முகம் ஞாபகம் வந்தது. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் மில்லில் எலக்ட்ரிகல் பராமரிப்பில் இருந்தவன். ரிங் ஃபிரேம் ஓடவில்லை என்று ஆள் வந்து சொன்னால், மோட்டார் எரிந்துவிட்டது என்று எடுத்த எடுப்பில் யாரும் சொல்ல மாட்டோம். கரண்ட் வருகிறதா, பியூஸ் இருக்கிறதா, ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறதா, யாராவது ஸ்டாப் பட்டனை அமுக்கி வைத்திருக்கிறார்களா என்று வரிசையாகப் பார்ப்போம். பத்தில் எட்டுத் தடவை அதிலேயே முடிந்துவிடும். மோட்டாரைக் கழற்றுவது கடைசி வேலை. அதே வரிசையை வீட்டு மேசையில் வைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது, மெஷின் தூங்குகிறதா அல்லது திரை மட்டும் தூங்குகிறதா என்பது. கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டினால் அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தால் உள்ளே மெஷின் விழித்துத்தான் இருக்கிறது, திரைக்குப் படம் வரவில்லை, அவ்வளவுதான். அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டினால், படம் அனுப்பும் மென்பொருள் மட்டும் புதிதாகத் தொடங்கும். பல சமயம் திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு வந்துவிடும்.

விளக்கு எரியாவிட்டால் சார்ஜரை மாட்டி ஒரு கால்மணி நேரம் விடுங்கள். தூக்கத்திலேயே பேட்டரி முழுக்க வடிந்திருக்கலாம். அடுத்து, சொருகியிருக்கும் பென் டிரைவ், மவுஸ், பிரிண்டர் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்று வழிமறித்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

அதற்கும் எழவில்லையென்றால் கடைசி வைத்தியம். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முழுதாக 30 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். ஐந்து விநாடி போதாது, முப்பது வரை எண்ண வேண்டும். பிறகு விட்டுவிட்டு, சார்ஜரை மாட்டி, வழக்கம்போல ஒருமுறை தட்டுங்கள். லேப்டாப்பில் பவர் பட்டன், மூடி, சார்ஜ் இவற்றை மட்டும் கவனிக்கும் ஒரு சிறு சில்லு தனியாக இருக்கிறது. மற்றதெல்லாம் அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்கும் காவல்காரன். அவனே மலைத்து நின்றுவிட்டால் யார் கதவைத் தட்டினாலும் திறக்காது. முப்பது விநாடி அமுக்கினால் அவனும் ஒருமுறை அணைந்து, புதிதாக எழுகிறான்.

என்னுடையது இந்த நாலாவது வைத்தியத்தில் எழுந்துகொண்டது. எட்டாயிரம் ரூபாய் மதர்போர்டு அதற்குப் பிறகும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. இதை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த நாலு வைத்தியமும் நீங்கள் ஏற்கெனவே சேமித்து வைத்ததைத் தொடாது. கடைசி வைத்தியத்தில், சேமிக்காமல் திறந்து வைத்திருந்தது மட்டும் போகும்.

நண்பருடையதும் இப்படியே எழுந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எழுப்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எங்கள் தெருவில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் அண்ணாச்சியின் கதை வேறு மாதிரி. அவர் பில் போட உட்கார்ந்ததும் லேப்டாப் தூங்கிவிடும், எழுப்பினால் மறுபடி தூங்கும். போய்ப் பார்த்தேன். செல்போனைக் காந்தக் கொக்கி வைத்த உறையில் போட்டு, விசைப்பலகைக்கு இடதுபக்கம் லேப்டாப் மேலேயே வைத்திருந்தார். "அண்ணாச்சி, அந்தப் போனை எடுங்க" என்றேன். எடுத்ததும் எழுந்துகொண்டது. லேப்டாப் மூடியில் ஒரு சின்னக் காந்தமும், கீழ்ப்பகுதியில் அதை உணரும் சென்சாரும் இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால் மூடியை மூடிவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். மூடி திறந்திருப்பது அண்ணாச்சிக்குத் தெரியும், லேப்டாப்புக்குத் தெரியாது.

இவ்வளவு தொல்லை தரும் இந்தத் தூக்கம் என்னதான் என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே வடபத்ரசாயி ஆலிலையில் பள்ளிகொண்டவர். நம் பெரியவர்கள் அதை அறிதுயில் என்பார்கள். கண் மூடியிருக்கும், எல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். லேப்டாப் தூக்கம் மூன்று வகை. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வகுத்த முறையில், பழைய தூக்கத்தில் எல்லாம் அணைந்து, நினைவகம் மட்டும் துளி மின்சாரத்தில் உயிரோடிருக்கும். அது நல்ல உறக்கம். இரண்டாவது ஹைபர்நேட். நினைவில் உள்ளதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணைந்துவிடும். மின்சாரமே வேண்டாம். மூன்றாவதுதான் புதியது. விண்டோஸ் 8 வந்த 2012-இல் தொடங்கி, இப்போது பல புது மாடல்களில் இது மட்டும்தான் இருக்கிறது. செல்போன் மாதிரி, திரை அணைந்திருக்கும். உள்ளே இன்டர்நெட்டும் அப்டேட்டும் அவ்வப்போது நடந்துகொண்டிருக்கும். தூங்கும்போதும் காது நிமிர்ந்திருக்கும் எங்கள் ஊர் நாயைப் போல.

மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சூடாகிக் கிடப்பதும், நிறைந்திருந்த பேட்டரி காலையில் காலியாவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையால்தான். இத்தனை முறை பாதி விழித்துப் பாதி தூங்கும் மெஷினில், திரைக்கான மென்பொருளோ வேறொன்றோ ஒருமுறை தடுமாறினால் போதும், எழாமல் நின்றுவிடும்.

அறிதுயில் பெருமாளுக்குச் சரி. என் லேப்டாப்புக்கு வேண்டாம். இதுதான் என் கருத்து. செல்போன் போல ஒரு விநாடியில் எழ வேண்டும் என்று எந்தக் கிழவன் கேட்டான்? ஒரு நிமிஷம் காத்திருக்க நமக்கு நேரம் இல்லையா? எந்தத் தூக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பொருளுக்குச் சொந்தக்காரனிடம் இருக்க வேண்டும். பழைய தூக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தவர்கள் அதைப் பெட்டியின் மேல் ஒரு வரியாவது அச்சிட்டிருக்கலாம். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அந்த உரிமை நம் ஊர்க் கடை மேசையில், நாம் கேட்கும் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

கடைப் பையன்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஒரு நாளைக்கு இருபது பேர் வருகிறார்கள். பார்மட் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும், காரணம் தேடினால் அரை நாள் போகும், அதற்கு யாரும் காசு தருவதில்லை. ஆகவே நாம்தான் மாற வேண்டும். கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். எதை வைத்து இது போய்விட்டது என்கிறாய்? உள்ளே இருப்பதை முதலில் வேறு டிஸ்க்கில் எடுத்துத் தருவாயா? என்னைக் கேட்காமல் பார்மட் பண்ண மாட்டாயே? மூன்றாவதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஒரு துணைச் செய்தி. மதர்போர்டு நிஜமாகவே போனாலும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுத்துவிடலாம். ஆனால் விண்டோஸ் 11 உள்ள பல புதுக் கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதற்கு 48 இலக்கத்தில் ஒரு மீட்பு எண் உண்டு. மகனிடமோ பேத்தியிடமோ சொல்லி அதை இன்றே எடுத்து, பீரோவில் பாஸ்புக்கோடு எழுதி வையுங்கள்.

தினப்படி வழக்கமும் ஒன்று சொல்கிறேன். வேலை முடிந்ததும் சேமித்துவிட்டு அணைத்து வையுங்கள். மூடியைச் சாத்தினால் போதும் என்று இருக்காதீர்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில், மூடியைச் சாத்தினால் தூங்க வேண்டாம், ஹைபர்நேட் ஆகட்டும் என்று மாற்றி வைக்கலாம். அங்கேயே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று டிக் போட்டிருக்கும். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் பாதித் தூக்கம்தான். முழுக்கப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே. அந்த டிக்கை எடுத்துவிட்டேன், இருபது விநாடி தாமதம் கூடியது, தொல்லை குறைந்தது.

பேட்டரி செத்துப்போய்ச் சார்ஜரிலேயே ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தூங்கவிட்டுப் போனபின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தால், சேமிக்காத எழுத்து அத்தனையும் அந்தக் கணமே போய்விடும்.

போன மாதம் நண்பரைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பேச்சு மறுபடி அதற்கே வந்தது. திருப்பாவையில் ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பெண்களை வீடு வீடாகப் போய் எழுப்புகிறாள் ஆண்டாள். ஒருத்தி எழவில்லை என்று விட்டுவிட்டுப் போகவில்லை. நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒரே ஒரு தடவை தட்டிட்டு, கடையில கொடுத்துட்டேன்."

அவர் சிரித்தாரே தவிர, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய தங்கையின் பழைய செல்போனில் அம்மா பாடியது இரண்டு பாட்டு அகப்பட்டிருக்கிறதாம். அன்று சாயங்காலமே அதை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் ராஜபாளையம் பஸ் ஏறினேன்.