ஊரில் இல்லாதவனுக்கு வாடகை

சிவகிரியில் எங்கள் வீட்டின் முன்பக்கம் ஒரு சின்னக் கடை. அப்பா கட்டியது, இப்போது என் பெயரில் இருக்கிறது. தையல் மெஷின் போட்டிருக்கும் அண்ணாச்சி மாதம் 3,000 ரூபாய் வாடகை தருகிறார். நான் ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆகவே சட்டப்படி அண்ணாச்சி ஒவ்வொரு மாதமும் அந்த 3,000இல் 31.2 சதவீதம், அதாவது 936 ரூபாயை, வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு அவர் டான் எண் வாங்கணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் தாக்கல் பண்ணணும். போனில் இதைச் சொன்னேன். "தம்பி, நீங்க ஊருக்கு வரும்போது பேசிக்கிடலாம்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் ஊரிலேயே இருந்திருந்தால்? மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் அண்ணாச்சி போன்ற ஒரு தனிநபர் வரி பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவனுக்கு அந்த வரம்பே கிடையாது. சென்னையில் மூன்று அடுக்குமாடி வைத்திருப்பவருக்கும் எனக்கும் ஒரே விதி. இதை நியாயம் என்று யாராவது வாதிட முடியுமா?

வங்கிக் கணக்கிலும் இதே கதைதான். 1999இன் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பியவர் 'குடியிருப்போர்' என்ற வகையிலிருந்து வெளியேறிவிடுகிறார். அவருடைய சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். வருமானவரிச் சட்டமோ நாட்களை எண்ணுகிறது. ஒரே ஆள் ஒரே வருடத்தில் ஒரு சட்டத்துக்கு உள்ளூர்க்காரன், இன்னொன்றுக்கு வெளியூர்க்காரன். ஒரே மாறிக்கு இரண்டு வரையறை கொடுத்து நான் நிரல் எழுதினால் என் மேலாளர் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளிநாட்டுச் சம்பளத்தை என்ஆர்இ கணக்கில் போட்டால் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம். ஊர் வாடகையும் அப்பா விட்டுப்போன பணமும் கிடக்கும் என்ஆர்ஓ கணக்கின் வட்டியில் 31.2 சதவீதம் பிடித்தம். வங்கியும் கவுன்ட்டரும் ஒன்றுதான், ஆளும் நானேதான். டாலராக வந்தால் விருந்தாளி, ஊரிலேயே விளைந்தால் சந்தேகத்துக்குரியவன்.

காரணம் இல்லாமல் இல்லை. என்ஆர்இ கணக்கு 1970இல் வந்தது, அந்நியச் செலாவணிக்காக நாடு தவித்துக்கொண்டிருந்த காலத்தில். 1991இல் வெளிநாட்டு இந்தியர்களின் டெபாசிட் வெளியேற, தங்கத்தை அடகு வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது வெளிநாட்டு இந்தியர்கள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் அனுப்புகிறார்கள். உலகிலேயே அதிகம் பெறும் நாடு நாம்தான். தையல் கடை வாடகையைத் துரத்தும் அளவுக்கு இன்னும் என்ன பயம்?

"கூடுதலாப் பிடிச்சத ரிட்டர்ன் போட்டுத் திருப்பி வாங்கலாமே" என்பார்கள். வாங்கலாம்தான். எனக்கு ஆடிட்டர் இருக்கிறார், ஆங்கிலம் தெரியும். சங்கரன்கோவில் பக்கமிருந்து ஷார்ஜாவுக்குக் கொத்து வேலைக்குப் போனவர் என்ன செய்வார்? அவருக்குத் தன் கணக்கை மாற்ற வேண்டும் என்பதே தெரியாது. வங்கியும் சொல்லாது. நான் கிளம்பும் முன் கணக்கை மாற்றப் போனபோது ஒரு வங்கி ஊழியரே, "எதுக்கு சார்? அப்படியே ஓடட்டும், யாரு பாக்கா?" என்றார்.

எனக்குக் கோபமே இந்த 'யாரு பாக்கா'வில்தான். இந்தச் சட்டத்தை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கலாம். எல்லோரும் மீறும் ஒரு விதி சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறோம். அது மூலையில் சாத்தி வைத்த கம்பு. என்றைக்கு, யார் முதுகில் விழும் என்பது கம்பை வைத்திருப்பவர் இஷ்டம். நம் ஆட்களோ புலம்பெயர்வு என்றாலே பனியையும் ரசத்தையும் எழுதுகிறோம். இந்தப் படிவங்களை எழுதுவதில்லை. நானும்தான் எழுதவில்லை.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உள்ளூர்க்காரருக்கு இருக்கும் வாடகை வரம்பை வெளியூரில் இருப்பவருக்கும் கொடுங்கள். பத்தாவது முடிக்காமல் வளைகுடாவுக்குப் போகிறவரிடம் குடிபெயர்வு அனுமதியும் காப்பீடும் கேட்கிறீர்கள் அல்லவா, அந்த வாசலிலேயே கணக்கையும் மாற்றிக் கொடுங்கள். படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள்.

கணக்கை மாற்றும் தாளில் நான் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் அம்மா இருந்தாள். "ஏல, நீ இங்க இல்லன்னு நீயே எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். "அப்ப வீட்டு வரி ரசீது மட்டும் உம் பேருக்கு வருதே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம் எழுதியவர்களிடம் இருந்தால் சொல்லட்டும்.