டானிக் மட்டும் போதுமா?

"பிள்ளை வெளுத்துப் போயிருக்கான், நல்ல டானிக்கா சொல்லுங்களேன்" என்று கேட்கும் தாய்மார்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: அடிபடாமலே உடம்பு நீலமாகக் கன்றியிருக்கிறதா? குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள்? ஈறில் ரத்தம்? விடாத காய்ச்சல், கால் குடைச்சல்?

வெளுப்போடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் டானிக்கைத் தள்ளி வையுங்கள். வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் ரத்தப் புற்றுநோயிலும் இப்படித்தான். எலும்பு மஜ்ஜையில் கெட்ட அணுக்கள் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துடுங்க. காய்ச்சலோடு ரத்தக் கசிவும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க, நேரே ஆஸ்பத்திரிதான்.

பயந்துகொண்டு தள்ளிப் போடாதீங்க. குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை, 2, 3 வருஷம் விடாமல் சிகிச்சை செய்தால் இன்று பெரும்பாலும் குணமாகிறது.