கண்ணாடி அலமாரியில் உறங்கும் ரிமோட் கார்

தென்னேரியிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். சென்ற விடுப்பில் வந்தபோது ஒன்பது வயது மகனுக்கு ரிமோட் கார் ஒன்று வாங்கி வந்தார். இரண்டு நாள் தெருவில் ஓடியது. மூன்றாம் நாள் மண் புகுந்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் அதைச் சரிசெய்து கொடுத்தான். அன்று முதல் அந்தக் கார் கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே வீற்றிருக்கிறது. "தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ‘கார் ஓட்டுகிறாயா?’ என்று அத்தா கேட்கிறார். ‘ஓட்டுகிறேன்’ என்று பிள்ளை பொய் சொல்கிறான். நான் என்ன செய்யட்டும்?" என்பது அவருடைய கேள்வி.

சகோதரியே, காரை வெளியே எடுத்துக் கொடுங்கள்! அது மண்ணில் ஓடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள். மண்ணில் ஓடியதால் கெட்டுப்போகும் கார்களைவிட, ஓடி முடித்த பின் வரும் அரைமணி நேரத்தில் நம் கையாலேயே கெட்டுப்போகும் கார்கள்தாம் மிகுதி.

உங்கள் அச்சத்திலும் நியாயம் உண்டு. திரையன் ஏரி என்னும் பழம்பெயரே தென்னேரி என மருவியது என்பர். அவ்வளவு பெரிய ஏரி வற்றும் கோடையில் அதன் படுகைதான் பிள்ளைகளுக்கு மைதானம். வெடித்துக் கிடக்கும் வண்டல், கரையோரச் சரளை, சாலையில் லாரிகள் சிந்திச் செல்லும் கருங்கல் தூள் ஆகிய மூன்றும் ஒரே மாலையில் அந்தச் சிறிய சக்கரங்களின்கீழ் வந்துவிடுகின்றன.

மண் எவ்வாறு கேடு செய்கிறது? ஒரு காந்தத்தைப் பாலாற்று மணலில் புரட்டி எடுத்துப் பாருங்கள். கரிய பொடி மயிர்போல் ஒட்டிக்கொண்டு வரும். மணலில் கலந்துள்ள இரும்புத் தாது அது. காரின் மோட்டாருக்குள்ளும் காந்தம் உண்டு. காற்றுக்காக விடப்பட்ட துளைகளின் வழியே அந்தப் பொடி உள்ளே நுழைந்தால், பின்னர் எத்தனை முறை தட்டினாலும் வெளிவராது. சுழலும் சுருளை உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே மோட்டாரின் துளைகளைக் காப்பதே முதல் வேலை. பழைய நைலான் காலுறையில் ஒரு துண்டு வெட்டி மோட்டாரைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். காற்று போகும், மண் போகாது. துளைகளைப் பசையால் அடைப்பது தவறு. மூச்சு முட்டிய மோட்டார் சூடேறி எரிந்துபோகும்.

பற்சக்கரங்களில் நாம் செய்வது இதற்கு நேர்மாறான பிழை. சத்தம் வருகிறதென்று வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடுகிறோம். எண்ணெயும் மணலும் கலந்தால் உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்த்துவிடும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரத்துக்குச் சிறிது கிரீஸ் நல்லது. வெளியே தெரியும் பற்சக்கரம் வறண்டே இருக்கட்டும். சக்கர அச்சுகளையும் பாருங்கள். பெண்கள் உள்ள வீட்டில் அங்கே சுற்றியிருப்பது பெரும்பாலும் தலைமுடிதான்! ஊசியால் எடுத்துவிட்டால் பாதிப் பழுது தீர்ந்தது.

கல்லடிக்குச் செலவில்லாத மருந்து உண்டு. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை அளவாக வெட்டிக் காரின் அடியில் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். மேற்கூட்டின் உட்புறத்தில் துணி நாடா ஒட்டினால் கவிழ்ந்தாலும் எளிதில் விரிசல் விடாது. ஆனால் எந்தக் கவசத்தையும்விட ஓட்டுகிறவனின் கண்ணே பெரிது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 நிலவில் இறங்கியது. அதன் 26 கிலோ எடையுள்ள பிரக்ஞான் ஊர்தியும் பூமியிலிருந்து கட்டளை பெற்று ஓடிய ஆறு சக்கர வண்டிதானே! அது நிலவுக்குப் போகுமுன்னரே நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறையைப் பொடித்து, நிலவின் மண்ணுக்கு ஈடான மண் செய்து இஸ்ரோ சோதனைகள் நடத்தியது. நிலவில் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று 3 மீட்டர் தொலைவில் எதிர்ப்பட்டபோது, அறிவியலாளர்கள் அதைத் தாண்டிப் பார்க்க முயலவில்லை. வந்த வழியே திருப்பினார்கள். இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். "பள்ளத்தில் விடாதே" என்னும் அதட்டலைவிட நன்றாக மனத்தில் பதியும்.

இனி நீர். பெட்டியின்மேல் "வாட்டர்ப்ரூஃப்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏரியில் இறக்கிவிடாதீர்கள். ஐ.பி. என்ற எழுத்துகளையடுத்து இரண்டு எண்கள் உள்ளனவா என்று தேடுங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. இரண்டாம் எண் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். எண்ணே இல்லையென்றால் அந்தச் சொல்லை விளம்பரமாகவே கொள்ளுங்கள்.

மின்தகட்டை நீரிலிருந்து காக்க, அதைப் பலூனுக்குள் நுழைத்து வாயைக் கட்டுவது சிலர் கையாளும் முறை. ரிசீவர் தனியாக உள்ள உயர்ந்த கார்களுக்கு அது பொருந்தும். விளையாட்டுக் கார்களில் பெரும்பாலும் ஒரே தகடுதான்; மோட்டாருக்கு மின்சாரம் விடும் பகுதியும் அதிலேயே இருந்து சூடாகும். அதற்குப் பலூன் கூடாது. நிறமில்லாத நகப்பூச்சைத் தகட்டின் பற்றாசு வைத்த பக்கத்தில் மெல்லியதாகத் தடவலாம். சுவிட்சிலும் கம்பி செருகும் இடங்களிலும் பட வேண்டாம். எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் ஒருநாள் முழுதும் காய்ந்த பின்னரே பாட்டரியைப் பொருத்துங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் கார் சேற்றில் விழத்தான் செய்யும். அந்த அரைமணி நேரம் இங்கேதான் தொடங்குகிறது. கையில் எடுத்தவுடன் எல்லோரும் செய்வது என்ன? "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடுவதுதானே! ஈரத்தில் மின்சாரம் பாய்ந்த நொடியிலேயே தகடு பழுதாகலாம். முதலில் பாட்டரியைக் கழற்றுங்கள். மேற்கூட்டைக் கழற்றிச் சாய்த்து நீரை வடியுங்கள். ஈரச் சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்தபின் நிழலில், மின்விசிறியின்கீழ் இரண்டு நாள் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் மாவுத்தூள் ஏறுவதைத் தவிரப் பெரிய பயன் இல்லை. காய்ந்த மண்ணைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் போய்ச் சேரும். சைக்கிள் கடையின் காற்றுக் குழாயை அருகில் பிடித்தால் மண் இன்னும் ஆழத்துக்கு ஓடும்.

காயல்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர் வாசகர்களுக்கு ஒரு மாற்றம் உண்டு. கடல்நீர் பட்டால் காய விடக் கூடாது. பாட்டரியைக் கழற்றிய கையோடு நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் உலர்த்த வேண்டும். உப்பு தங்கினால் செம்புக் கம்பி பச்சை பூத்து இற்றுப்போகும்.

நனைந்த அல்லது உப்பிய பாட்டரியை மட்டும் சிக்கனம் கருதிச் சார்ஜில் போடாதீர்கள். அதே அளவும் அதே வோல்ட்டும் உள்ள வேறொன்று வாங்கிப் பொருத்துங்கள். கழற்றுவது, துடைப்பது, காயவைப்பது ஆகிய வேலைகளைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிடுங்கள். ஒன்பது வயதுக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் பிடிக்க முடியும். திருகாணிகளை ஒரு தேநீர்த் தட்டில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் ஒன்று நிச்சயம் கட்டிலுக்கடியில் போய்விடும்.